பழைய கேம்பர் வேனில் ஹீட்டர் ஒழுகினால்: டெல்டா வண்டிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, நாகப்பட்டினம் பக்கம் பழைய டெம்போ டிராவலர், மெட்டடோர் மாதிரி வண்டிகளை வாங்கி, பின்னால் கட்டிலும் அடுப்பும் வைத்துக் குடும்பத்தோடு ஊர் சுற்றுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்த வண்டிகளில் பல, டி.என். 43 நம்பரோடு நீலகிரியிலிருந்து இறங்கி வந்தவை. மலை ஓட்டத்துக்காக ஹீட்டர் பொருத்தியிருப்பார்கள். இங்கே வந்த பிறகு அதை யாரும் கவனிப்பதில்லை. ஒருநாள் காலடியில் ஈரம் தெரியும்போதுதான் அப்படி ஒன்று இருப்பதே ஞாபகம் வரும்.

வேன் ஹீட்டருக்குள் தண்ணீர் எப்படி வந்தது? அது கரண்டில் ஓடுவது இல்லையா?

இல்லை. கரண்டில் ஓடுவது காற்றைத் தள்ளும் ப்ளோயர் மட்டும். சூடு எஞ்சினிலிருந்து வருகிறது. எஞ்சினைக் குளிர்விக்கச் சுற்றும் கூலன்ட்டில் ஒரு பங்கு இரண்டு ரப்பர் ஹோஸ் வழியாக டேஷ்போர்டுக்குப் பின்னால் போய்த் திரும்புகிறது. அங்கே இரண்டு கை அகலத்தில் ஒரு குட்டி ரேடியேட்டர் இருக்கும். பட்டறையில் அதை ஹீட்டர் காயில் என்பார்கள். ப்ளோயர் அதன் மேல் காற்றை அடிக்க, உள்ளே கதகதப்பு வருகிறது.

ஆகவே ஹீட்டர் ஒழுகுகிறது என்றால் எஞ்சினின் கூலன்ட் ஒழுகுகிறது என்று அர்த்தம். கால்மிதி நனைவது சின்ன நஷ்டம். கவனிக்காமல் விட்டால் எஞ்சின் சூடேறி, அதன் மேல்பாகமான ஹெட் வளைந்து நிற்கும், அதுதான் பெரிய நஷ்டம்.

நம்ம ஊர் வெயிலில் ஹீட்டரை யார் போடுகிறார்கள்? போடாத ஹீட்டர் எப்படி ஒழுகும்?

நியாயமான கேள்வி. பழைய வண்டிகளில் ஹீட்டர் வால்வு பெரும்பாலும் காயிலுக்குப் போகும் ஹோஸில் மட்டும்தான் இருக்கும். திரும்பி வரும் ஹோஸில் தடை எதுவும் கிடையாது. வால்வை மூடினாலும் திரும்பும் பக்கமாக எஞ்சினின் அழுத்தம் முழுவதும் காயிலுக்குள் நிற்கும். சில வண்டிகளில் வால்வே கிடையாது. கூலன்ட் எப்போதும் காயிலுக்குள் ஓடும், ஒரு தகடு மட்டும் காற்றைத் திருப்பிவிடும்.

போடாமலே வைத்திருப்பது காயிலுக்குக் கூடுதல் கெடுதல். தண்ணீர் அசையாமல் நிற்கும் இடத்தில்தான் சேறு படியும், படிந்த சேற்றுக்கு அடியில்தான் உலோகம் அரிக்கும். மாதம் ஒருமுறை எஞ்சின் சூடான பிறகு ஹீட்டரைப் பத்து நிமிடம் முழுதாகத் திறந்து ஓட்டுங்கள். சித்திரை மாதமானாலும் சரி, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்துவிடுங்கள்.

காலடியில் ஈரம் இருக்கிறது. ஹீட்டரா, ஏசியா, மழைத் தண்ணீரா, எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். கூலன்ட்டுக்குப் பச்சை, சிவப்பு, ஆரஞ்சு என்று ஏதாவது ஒரு நிறம் இருக்கும், விரலில் பிசுபிசுக்கும். வெல்லப்பாகு லேசாகக் கருகின மாதிரி ஒரு இனிப்பு வாடையும் இருக்கும். மூக்கே பாதி வேலையை முடித்துவிடும். நாக்கில் மட்டும் வைத்துப் பார்க்க வேண்டாம், அது விஷம்.

ஏசியிலிருந்து வரும் தண்ணீருக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. ஏசி ஓடும் நாளில் மட்டும் வரும். வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டும் குழாய் அடைத்துக்கொண்டால் அது உள்ளே திரும்பும். மெல்லிய கம்பியால் குத்திவிட்டால் தீர்ந்தது.

மழைத் தண்ணீர்தான் பலரை ஏமாற்றுவது. முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் இருக்கும் பள்ளத்தில் மழைத் தண்ணீர் வடிய இரண்டு பக்கமும் துளை இருக்கும். வேப்பமரத்தடியிலோ பூவரச மரத்தடியிலோ நிறுத்தும் வண்டியில் சருகு மக்கி அந்தத் துளையை மூடிவிடும். ஐப்பசி மழையில் அங்கே தேங்கும் தண்ணீர் ஹீட்டர் பெட்டி வழியாகவே உள்ளே இறங்கும். அதனால் பார்ப்பதற்கு ஹீட்டர் ஒழுகுவது போலவே இருக்கும். காய்ந்த நாளில் அந்தப் பள்ளத்தில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். உள்ளே வந்தால் காயில் மேல் பழி போட வேண்டியதில்லை.

நிறமே இல்லாத வெறும் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றி ஓட்டுகிறவர்களுக்கு இந்தத் துணிச் சோதனை உதவாது. அவர்கள் ரேடியேட்டரில் தண்ணீர் நிற்கும் அளவைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். வண்டி ஆறிய நிலையில் தினமும் காலையில் பாருங்கள். அளவு இறங்கிக்கொண்டே வந்தால் மழைக்கும் ஏசிக்கும் சம்பந்தமில்லை.

முன்கண்ணாடியின் உள்பக்கம் எண்ணெய் பூசியது போல் படலம். துடைத்தால் மறுபடி வருகிறது.

காயில் பொடித் துளையில் கசிகிறது. சொட்டாகக் கீழே விழும் அளவு இல்லை, ஆவியாகி ப்ளோயர் காற்றோடு வந்து கண்ணாடியில் படிகிறது. எதிர்வண்டி வெளிச்சம் பட்டால் சாலையே தெரியாது. மார்கழி விடியலில் வயல் பனியும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். இந்த நிலையில் இரவில் ஓட்டாதீர்கள்.

ஊருக்குள் ஓடும்போது ஒழுகவே இல்லை. கொடைக்கானல் ஏறினால் மட்டும் ஒழுகுகிறது. ஏன்?

இதற்கு இரண்டு காரணம்.

டெல்டாவில் ஏற்றம் கிடையாது. தஞ்சாவூரிலிருந்து வேதாரண்யம் வரை ஓட்டினாலும் எஞ்சின் இளைக்காது. கூலன்ட் ஒரு மட்டத்துக்கு மேல் சூடாகாததால் அழுத்தமும் உச்சத்துக்குப் போகாது. வத்தலக்குண்டு தாண்டி ஏற ஆரம்பித்ததும் இரண்டாம் கியரில் மணிக்கணக்காக இழுக்க வேண்டியிருக்கிறது. அப்போது கூலன்ட் சூடேறி, ரேடியேட்டர் மூடியில் அச்சிட்டிருக்கும் அழுத்தம் வரை போகிறது. பல வண்டிகளில் அது 0.9 பார், பி.எஸ்.ஐ. கணக்கில் 13. வீட்டில் ஒழுகாத துளை அந்த அழுத்தத்தில் வாய் திறக்கும்.

அடுத்தது, குளிர ஆரம்பித்ததும் ஹீட்டர் வால்வைத் திறப்பீர்கள். வருடக்கணக்கில் சும்மா கிடந்த காயிலுக்குள் கொதிக்கிற கூலன்ட் பாய்கிறது. துளையை அடைத்துக்கொண்டிருந்த துருவும் சேறும் நகர்ந்தால் ஒழுகல் ஆரம்பம்.

மலையேறப் போகிறவர்கள் அதற்கு முந்தின வாரமே ஊரில் அழுத்தச் சோதனை செய்துவிட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இங்கே மூடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 0.9 பார் அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட சுமார் 118 டிகிரி வரை கொதிக்காது. அழுத்தம் இல்லாமல் போனால் கொடைக்கானல் உயரத்தில் அது 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடியின் ரப்பர் செத்துப்போன வண்டி மலையில் பொங்குவது இதனால். பொங்குகிறதே என்று கடையில் கிடைத்த அதிக அழுத்த மூடியைப் போடுகிறார்கள். அந்தக் கூடுதல் அழுத்தத்தைத் தாங்க முடியாமல் முதலில் வெடிப்பது பெரும்பாலும் பழைய ஹீட்டர் காயில்தான். பழைய மூடியில் என்ன எண் இருக்கிறதோ அதே எண்ணில் புது மூடி வாங்குங்கள்.

காயில்தான் ஒழுகுகிறது என்று உறுதியாகத் தெரிந்துகொள்ள என்ன வழி? டேஷ்போர்டைக் கழற்றிய பிறகு இல்லை என்று ஆகிவிட்டால்?

அதனால்தான் டேஷ்போர்டில் கை வைப்பதற்கு முன் வெளியிலிருந்தே பார்த்துவிட வேண்டும்.

ஹோஸை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப்பிலிருந்து ஆரம்பியுங்கள். எஞ்சின் மூடியைத் தூக்கி, ஹீட்டர் ஹோஸ் இரண்டும் தகட்டைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும் இடத்தில் டார்ச் அடியுங்கள். ஹோஸ் முனையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருந்தால் கசிவு அங்கேதான். கசிகிற கூலன்ட் குழாயைப் பிடித்துக்கொண்டு உள்ளே வழிந்து காயில் ஒழுகுவது போலக் காட்டும். ஹோஸை விரலால் அழுத்துங்கள். விரிசல் தெரிந்தாலோ, பஞ்சாக அமுங்கினாலோ, கட்டைபோல இறுகியிருந்தாலோ மாற்ற வேண்டியதுதான். ஹீட்டர் வால்வின் தண்டையும் பாருங்கள், அது உள்ளே ஏறி இறங்கும் இடத்தில் கசிவது சகஜம்.

அங்கெல்லாம் காய்ந்திருந்தால் அழுத்தச் சோதனை. ரேடியேட்டர் பட்டறைகளில் இதற்கென்று ஒரு கைப்பம்பு இருக்கும். எஞ்சின் ஆறியிருக்கும்போது மூடிக்குப் பதிலாக அதை மாட்டி, மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம் வரை அடித்து, கால்மணி நேரம் முள்ளைப் பாருங்கள். முள் இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. அந்த நேரத்தில் ஹீட்டர் பெட்டியின் அடியில் ஒரு காகிதத்தை விரித்து வையுங்கள். வால்வும் திறந்திருக்க வேண்டும்.

அதிலும் சந்தேகம் தீரவில்லையா? இரண்டு ஹீட்டர் ஹோஸையும் காயிலிலிருந்து கழற்றி, ஒரு துண்டுக் குழாயால் ஒன்றோடொன்று சேர்த்துவிட்டு ஒரு வாரம் ஓட்டுங்கள். ஈரம் நின்று, அளவும் இறங்காவிட்டால் காயில்தான். இதைவிட உறுதியான சோதனை கிடையாது, செலவும் கிடையாது.

கூலன்ட் குறைகிறது. ஆனால் உள்ளேயும் ஈரமில்லை, அடியிலும் ஈரமில்லை.

எஞ்சினுக்குள் போகிறதா என்று பாருங்கள். சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வருவது, ரேடியேட்டரில் விடாமல் குமிழி வருவது, ஆயில் மூடியின் உள்பக்கம் மோர் நிறத்தில் பசை ஒட்டியிருப்பது, இவை ஹெட் கேஸ்கட் போனதற்கான அடையாளங்கள். அதற்கு வைத்தியமே வேறு. வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

பட்டறை அண்ணன், "நம்ம ஊர்ல என்ன பனியா உறையுது, கூலன்ட் எதுக்கு? தண்ணி போதும்" என்கிறார். சரிதானே?

அனுபவம் உள்ளவர்கள்கூட இதைச் சொல்கிறார்கள். உறையாமல் காப்பது கூலன்ட்டின் ஒரு வேலை, அது நமக்குத் தேவையில்லை என்பது உண்மைதான். ஆனால் அரிப்பைத் தடுப்பதும், கொதிநிலையை ஏற்றுவதும், வாட்டர் பம்பின் சீலைக் காப்பதும் அதே கூலன்ட்தான். இந்த மூன்றும் குளிர் நாட்டைவிட நமக்குத்தான் அதிகம் தேவை.

நம் பக்கத்தில் வண்டிக்கு ஊற்றும் தண்ணீர் எது? பெரும்பாலும் போர் தண்ணீர். கல்லணை, திருவையாறு பக்கம் நிலத்தடி நீர் பரவாயில்லை. கிழக்கே கடலை நெருங்க நெருங்க உப்பு ஏறுகிறது. நாகை, வேதாரண்யம், முத்துப்பேட்டை வட்டாரத்தில் பித்தளைக் குடத்தில் வைத்தாலே வெள்ளைப் படிவம் கட்டும். அதே தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்கக் காயிலின் மெல்லிய குழாய்களுக்குள் சுற்றவிட்டால் என்ன ஆகும்? சூடு பட்டதும் சுண்ணாம்பு பிரிந்து குழாய் ஓரமாகப் படிகிறது. தண்ணீரில் உள்ள குளோரைடு உப்பு, செம்பையும் ஈயப் பற்றையும் புள்ளி புள்ளியாகத் தின்கிறது. அலுமினியமாக இருந்தால் இன்னும் சீக்கிரம் போகும். எஞ்சின் ரேடியேட்டரில் ஓட்டம் வேகமாக இருப்பதால் அது கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ஹீட்டர் காயிலில் குழாய் சின்னது, ஓட்டம் மந்தம், பாதி நாள் ஓட்டமே கிடையாது. அதனால் அடி முதலில் அதற்குத்தான்.

டெல்டா வண்டிகளில் ஹீட்டர் ஒழுகுவதற்குக் காயிலின் வயதைவிட நாம் ஊற்றும் தண்ணீர்தான் பெரிய காரணம் என்பது என் உறுதியான கருத்து. புதுக் காயில் வாங்கிப் போட்டுவிட்டு மறுபடியும் போர் குழாயைத் திறந்தால் அந்தக் காசும் தண்ணீரோடு போனதுதான்.

அப்படியானால் எந்தத் தண்ணீர் ஊற்றலாம்? ஆற்றுத் தண்ணீர்? கேன் தண்ணீர்?

பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர்தான் நல்லது, அதோடு சரிபாதி கூலன்ட். கலந்தே விற்கும் கூலன்ட் வாங்கினால் தண்ணீரே சேர்க்க வேண்டாம். இருபது லிட்டர் கேனில் வரும் ஆர்.ஓ. தண்ணீர் அவசரத்துக்கு ஆகும். மேட்டூர் திறந்து புதுத் தண்ணீர் வரும்போது ஆற்றுத் தண்ணீர் உப்பில்லாமல் இருக்கலாம், ஆனால் வண்டல் வரும். வயலுக்கு வண்டல் வரம், காயிலுக்கு அடைப்பு. டிஸ்டில்டு வாட்டரை மட்டும் தனியாக ஊற்றி ஓட்டுவதும் சரியில்லை, அரிப்பைத் தடுக்கும் மருந்து அதில் கிடையாது.

உங்கள் வீட்டுத் தண்ணீர் எப்படி என்று பார்க்க, ஆர்.ஓ. சர்வீஸ் செய்ய வருகிறவரிடம், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரைக் குழாய்த் தண்ணீரில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். குடிநீருக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு தண்ணீர் கிடைக்காவிட்டால் 2000 வரை ஏற்கலாம் என்கிறது. ஆயிரத்துக்கு மேல் காட்டும் தண்ணீரைப் பார்த்த பிறகு ரேடியேட்டரில் ஊற்ற உங்களுக்கே மனசு வராது.

மஞ்சள் தூள் போட்டால் ஒழுகல் நிற்கும் என்கிறார்களே. லீக் ஸ்டாப் பவுடரும் கடையில் இருக்கிறது.

நிற்கும், கொஞ்ச நாளைக்கு. நெடுந்தூர லாரிக்காரர்கள் நடுவழியில் ரேடியேட்டருக்குச் செய்யும் கைவைத்தியம் அது. தூள் ஊறி உப்பித் துளையில் போய் அடைத்துக்கொள்கிறது. ஆனால் எது துளை, எது ஓடும் குழாய் என்று மஞ்சளுக்குத் தெரியாது. குறுகலான இடம் எதுவோ அங்கெல்லாம் அடைக்கும். இருப்பதிலேயே குறுகலானது ஹீட்டர் காயில்தான். ஒழுகல் நின்றதும் ஹீட்டரும் நின்றுவிட்டது என்று வருகிறவர்களின் கதை இதுதான். கடைப் பவுடரும் அப்படித்தான். இரண்டு ஹோஸையும் சேர்த்துவிடுகிற வழி கையில் இருக்கும்போது இதற்கு அவசியமே இல்லை.

மலைப்பாதையில், இரவில், திடீரென்று உள்ளே கொட்டுகிறது. என்ன செய்வது?

ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணையுங்கள், சக்கரத்துக்குக் கல் வையுங்கள். உள்ளே கொட்டுவது தோலை உரித்துவிடும் சூட்டில் இருக்கும், குழந்தைகளை முதலில் கீழே இறக்குங்கள். குறைந்தது முக்கால் மணி நேரம் ஆற விடுங்கள். அதற்குள் ரேடியேட்டர் மூடியைத் தொடக்கூடாது. ஆறிய பிறகு, மேலே சொன்னபடி இரண்டு ஹோஸையும் சேர்த்துக் கட்டி, எவ்வளவு குறைந்திருக்கிறதோ அவ்வளவு தண்ணீர் ஊற்றி, மெதுவாகக் கிளம்பலாம்.

இதற்காக வண்டியில் எப்போதும் கிடக்க வேண்டியவை: ஒரு ஜாண் நீளச் செம்புக் குழாய், நாலு கிளாம்ப், ஸ்க்ரூ டிரைவர், டார்ச், கேனில் நல்ல தண்ணீர். குழாயின் பருமன் உங்கள் ஹோஸுக்குப் பொருந்த வேண்டும். பல வண்டிகளில் ஹோஸின் உள் விட்டம் 16 அல்லது 19 மில்லிமீட்டர். வீட்டிலேயே மாட்டிப் பார்த்து வாங்கிவிடுங்கள்.

இரண்டு ஹோஸையும் தனித்தனியாக அடைப்பதைவிடச் சேர்ப்பதுதான் நல்லது. சில எஞ்சின்களில், சூடேறியதும் திறக்கும் வால்வான தெர்மோஸ்டாட் திறக்கும் வரை கூலன்ட் சுற்ற இந்த ஹீட்டர் வழிதான் உதவுகிறது. அதை அடைத்துவிட்டால் எஞ்சினின் ஒரு பக்கம் மட்டும் சூடேறும்.

காயிலை நானே கழற்றலாமா?

கை பழகியவர் என்றால் தாராளமாக. பழைய வேன்களில் ஹீட்டர் பெட்டி டேஷ்போர்டுக்கு அடியில் தனியாகத் தொங்குவதும் உண்டு, அது சுலபம். டேஷ்போர்டு முழுவதையும் இறக்க வேண்டிய வண்டியில் ஒரு முழுநாள் ஒதுக்குங்கள். ஒவ்வொரு ஒயரையும் கழற்றும் முன் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனை. கேம்பர் வேனில் லைட்டுக்கும் பேனுக்கும் இரண்டாவது பேட்டரி இருக்குமே, அதையும் கழற்றுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். அப்புறம் எஞ்சின் ஆறிய நிலையில் கூலன்ட்டை ஒரு பக்கெட்டில் வடியுங்கள்.

ஹோஸைக் காயிலிலிருந்து எடுக்கும் இடத்தில்தான் பொறுமை வேண்டும். வருடக்கணக்கில் ஒட்டிக்கிடந்த ரப்பர் இழுத்தால் வராது. பலமாகத் திருகினால் காயிலின் செம்புக் குழாய் அடியோடு பிய்ந்துகொள்ளும். ஒட்டுப் போட்டுப் பிழைக்க வேண்டிய காயில் அதோடு பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும். பிளேடால் ஹோஸை நீளவாக்கில் கீறி உரித்து எடுங்கள். பழைய ஹோஸைக் காப்பாற்ற நினைக்காதீர்கள், எப்படியும் புதுசு போடப்போகிறோம்.

காயில் வெளியே வந்ததும் இரண்டு வாயையும் அடைத்துத் தூக்குங்கள், உள்ளே கிடக்கும் சேறு சீட்டில் கொட்டாமல் இருக்கும். பெட்டிக்குள் சேர்ந்திருக்கும் சருகு, எலி கொண்டுவந்த நெல் உமி எல்லாவற்றையும் துடையுங்கள். ஈரச் சருகு வெளிப்பக்கமாகவும் காயிலை அரிக்கும். ஓரத்தில் ஒட்டியிருக்கும் பஞ்சு நைந்திருந்தால் புதுப் பஞ்சு ஒட்டுங்கள், இல்லாவிட்டால் காயில் ஆடி ஆடிப் பற்று விட்டுப்போகும்.

காயிலைப் பற்றவைக்கலாமா, புதுசுதான் வாங்க வேண்டுமா?

செம்பு, பித்தளைக் காயில் என்றால் ரேடியேட்டர் பட்டறையில் ஈயம் வைத்துப் பற்றிவிடுவார்கள். தொட்டித் தண்ணீரில் அமுக்கிக் காற்று அடித்தால் குமிழி வரும் இடம் தெரியும். தொட்டிப் பகுதியிலோ மூட்டிலோ துளை இருந்தால் பற்றவைப்பது பல வருடம் நிற்கும். நடுவில் குழாய்களிலேயே பல இடத்தில் குமிழி வந்தால் உலோகமே மெலிந்துவிட்டது. ஒன்றை அடைத்தால் பக்கத்தில் இன்னொன்று திறக்கும். புதுசு வாங்குங்கள். வேலை முடிந்ததும் உங்கள் கண் முன்னால் மறுபடி தண்ணீரில் அமுக்கிக் காட்டச் சொல்லுங்கள், கூச்சப்பட வேண்டாம். காயில் செலவு சின்னது. டேஷ்போர்டை இரண்டாவது முறை இறக்கும் கூலிதான் வலிக்கும்.

அலுமினியக் காயிலில், அதுவும் பிளாஸ்டிக் தொட்டி வைத்ததில், ஈயம் ஒட்டாது. மாற்றுவதுதான் வழி. எம்-சீல் மாதிரி பசைகள் வெளியே பார்க்க நன்றாக இருக்கும். சூட்டிலும் அழுத்தத்திலும் மாறி மாறி விரிந்து சுருங்கும்போது பிடி விட்டுவிடும்.

உதிரிபாகம் தேடும்போது ஒரு விஷயம்: டெம்போ டிராவலர் செய்த பஜாஜ் டெம்போ கம்பெனி 2005-ல் போர்ஸ் மோட்டார்ஸ் என்று பெயர் மாறியது. பழைய வண்டிக்கு இரண்டு பெயரையும் சொல்லிக் கேளுங்கள். பழைய காயிலையும் கையோடு கொண்டுபோங்கள். கிடைக்காவிட்டால் அதே அளவில் செம்புக் காயில் செய்து தரும் பட்டறைகள் உண்டு.

கும்பகோணம் பக்கத்திலேயே நாச்சியார்கோவில் இருக்கிறது. பித்தளை வேலைக்காரர்களிடம் கொடுக்கலாமா?

அவர்கள் கைத்திறன் மேல் எனக்கு மரியாதை அதிகம். ஆனால் குத்துவிளக்கு வார்ப்பு வேலை, கனமான பித்தளை. காயில் குழாய் காகிதம்போல மெல்லியது. விளக்குக்குக் காட்டும் சூட்டைக் காட்டினால் பழைய ஈயப் பற்று எல்லாம் உருகிக் காயில் கழன்றுவிடும். ரேடியேட்டர் பட்டறைக்கே போங்கள்.

புதுக் காயில் போட்டு ஒரு வருடத்திலேயே மறுபடி துளை விழுந்துவிட்டது. கூலன்ட்டும் சரியாகத்தான் ஊற்றினேன்.

கூலன்ட் வழியாகக் கரண்ட் கசிகிறதா என்று பாருங்கள். மல்டிமீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவில் வையுங்கள். சிவப்பு முனையை, ரேடியேட்டரின் உலோகத்தில் படாமல் கூலன்ட்டுக்குள் விடுங்கள். எஞ்சினும் லைட்டும் ப்ளோயரும் ஓடும்போது 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 0.3-க்கு மேல் போனால் எங்கோ எர்த் சரியில்லை. கடற்காற்று படும் ஊர்களில் எர்த் ஒயர் முனை பச்சையாகப் பூத்துவிடும். கேம்பராக மாற்றும்போது இன்வெர்ட்டருக்கு எர்த் எங்கே கொடுத்தார்கள் என்றும் பாருங்கள். ஹீட்டர் பெட்டி போல்ட்டில் கொடுத்திருந்தால் உடனே மாற்றி, நேராகப் பேட்டரிக்கே கொண்டுபோங்கள்.

காயிலில் சுண்ணாம்பு அடைத்திருக்கிறது. எலுமிச்சை உப்பு ஊற்றிக் கழுவலாமா?

ஒழுகாத, திடமான செம்புக் காயிலுக்கு, தனியாகக் கழற்றி வைத்து, இளம் சூட்டுத் தண்ணீரில் கொஞ்சம் எலுமிச்சை உப்பு கரைத்து அரைமணி நேரம் ஊறவிடலாம். பிறகு நல்ல தண்ணீரில் பலமுறை கழுவ வேண்டும், தண்ணீரைத் திரும்பும் குழாய் வழியாக விட்டால் சேறு பின்னோக்கி வெளியேறும். கார் கழுவும் பிரஷர் பம்பைக் காட்டாதீர்கள். பழைய மெலிந்த காயிலில் சில நேரம் அந்தச் சுண்ணாம்புதான் துளையை மூடிக்கொண்டிருக்கும், கரைத்தால் ஒழுகும். ஒழுகினால் புதுசு வாங்க மனதளவில் தயாராக இருந்துகொண்டு செய்யுங்கள்.

எல்லாம் மாட்டியாயிற்று. ஹீட்டரில் சூடு வரவில்லை, டேஷ்போர்டுக்குள் களகளவென்று சத்தம்.

காற்று மாட்டிக்கொண்டிருக்கிறது. பல வண்டிகளில் காயில் இருக்கும் இடம் ரேடியேட்டரைவிட உயரம், காற்று அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். வண்டியின் மூக்கு மேலே தூக்கியிருந்தால் காற்று ரேடியேட்டர் வாய் வழியாக வெளியேறும். நம் ஊரில் சரிவுக்கு எங்கே போவது? வாய்க்கால் பாலத்துக்கு ஏறும் ஆள் நடமாட்டமில்லாத மண்ரோடு போதும். ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிடுங்கள்.

எஞ்சின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, கூலன்ட்டை மெதுவாக ஊற்றுங்கள். எஞ்சினை ஸ்டார்ட் செய்து மெதுவான ஓட்டத்தில் விடுங்கள். குமிழி வர வர அளவு இறங்கும், ஊற்றிக்கொண்டே இருங்கள். ரேடியேட்டரின் மேல் ஹோஸ் சூடாக ஆரம்பித்ததும் மூடியைப் போட்டுவிடுங்கள். இரண்டு ஹீட்டர் ஹோஸையும் தொட்டால் இரண்டுமே சூடாக இருக்க வேண்டும். ஒன்று சூடு, ஒன்று குளிர்ச்சி என்றால் இன்னும் காற்று இருக்கிறது, அல்லது காயில் அடைத்திருக்கிறது. மறுநாள் காலை அளவைப் பார்த்து நிரப்புங்கள். அது ஒருமுறை இறங்குவது இயல்பு.

எந்த நிறக் கூலன்ட் வாங்குவது?

நிறத்தை நம்பாதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். செம்பு, பித்தளை, ஈயப் பற்று உள்ள பழைய ரேடியேட்டருக்கு ஏற்றது என்று டப்பாவில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு வகையைக் கலக்காதீர்கள். பழைய வகைக் கூலன்ட்டை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

பின்சீட்டுக்கு அடியில் இன்னொரு ஹீட்டர் இருக்கிறது.

அதற்குப் போகும் ஹோஸ் வண்டியின் அடிவயிற்றில் நீளமாக ஓடும். வயல்ரோட்டுச் சேறும் கல்லும் படும் இடம். ஒழுகினால் முதலில் அங்கே படுத்துப் பாருங்கள். கிளிப் விட்டுத் தொங்கும் ஹோஸ் சேசிஸில் உரசி ஓட்டையாகியிருக்கும்.

வடித்த கூலன்ட்டை எங்கே கொட்டுவது?

வாய்க்காலில் மட்டும் கொட்டாதீர்கள், தயவுசெய்து. கூலன்ட்டில் இருக்கும் எதிலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், நாயும் பூனையும் நக்கிவிடும். கொஞ்சம் உள்ளே போனாலே சிறுநீரகம் செயலிழந்து செத்துப்போகும். குழந்தைகளுக்கும் அதே ஆபத்து. அதே வாய்க்காலில்தான் மாடு தண்ணீர் குடிக்கிறது, அதே தண்ணீர்தான் சம்பாவுக்குப் பாய்கிறது. மூடி போட்ட கேனில் ஊற்றி, மேலே எழுதி ஒட்டி, பழைய ஆயில் எடுத்துக்கொள்ளும் ஒர்க்‌ஷாப்பில் கேட்டுக் கொடுங்கள். வண்டிக்குள் நனைந்த கால்மிதியை வெளியே எடுத்துச் சோப்புப் போட்டு அலசுங்கள். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து விளையாடும் வண்டி அது.

ஹீட்டர் ரிப்பேரில் இருக்கிறது, ஊட்டி பயணத்தைத் தள்ளிப்போட முடியாது. உள்ளே கரி அடுப்பு வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. கரி, மண்ணெண்ணெய், கேஸ் எதையும் மூடிய வேனுக்குள் குளிர்காய எரிக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் சரியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். கனமான கம்பளி, வெந்நீர்ப் பை, குல்லா போதும். இரவு ரொம்பக் குளிரும் மாதமென்றால் ஒரு அறை எடுத்துத் தங்குங்கள்.

ஹீட்டரே வேண்டாம் என்று நிரந்தரமாக எடுத்துவிட்டால்?

எடுக்கலாம். ஹோஸை முறையாகச் சேர்த்து, நல்ல கிளாம்ப் போட்டால் வண்டி ஓடும். நான் எடுக்கச் சொல்ல மாட்டேன். அடைமழையில் ஜன்னலைச் சாத்தி ஐந்தாறு பேர் உட்கார்ந்து போகும்போது முன்கண்ணாடி மூச்சில் மூடிக்கொள்ளும். சூடான காற்றுதான் அதைச் சீக்கிரம் தெளிவாக்கும். மலையேற்றத்தில் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சிவப்பை நெருங்கும்போது ஹீட்டரை முழுதாகத் திறந்தால் கொஞ்சம் சூட்டை அது இழுத்துக்கொள்ளும், நிறுத்த இடம் கிடைக்கும் வரை தாக்குப்பிடிக்கலாம். எடுத்தே தீருவேன் என்றால் பழைய காயிலைத் தூக்கி எறியாமல், காய வைத்து, இரண்டு வாயையும் அடைத்துப் பரணில் வையுங்கள். வண்டியை வாங்குகிறவர் நிச்சயம் கேட்பார்.